பற்றும் வரவும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி



சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனரை அழைத்துக்கொண்டு அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கடி போய் வந்தோம். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை மின்சார ரயில், அங்கிருந்து ஆட்டோ. சிகிச்சையைத் தொடர்வதா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதா என்று குடும்பத்துக்குள் பெரிய விவாதம். எதைச் செய்தாலும் ஒரு வருத்தம் மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. காத்திருந்த அந்த நாட்களில்தான் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையைப் படித்தேன். ஜூலை 30 அவர் பிறந்த நாள், ஜூலை 22 அவர் மறைந்த நாள். அதனால் இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில், மன்னரின் அனுமதியோடு சேர்ந்து படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

நல்ல மருத்துவராகப் பெயர் எடுத்த நேரத்தில் சட்ட மேலவைக்கு நியமன உறுப்பினராக வரும்படி அழைப்பு வந்தது. மருத்துவத் தொழில் பாதிக்கப்படுமே என்று தயங்கினாலும் ஏற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அங்கே அவர் கையில் எடுத்தது, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கும் வேலை. பல தேவதாசிகளுக்குக் கோயில் மானிய நிலம்தான் சோறு போட்டது. பணியை விட்டால் நிலமும் போய்விடும் என்ற நிலைமை. அதனால் முதலில், நிலத்தை இழக்காமலே கோயில் பணியிலிருந்து விலக வழி செய்யும் சட்டத் திருத்தத்தை 1929-ல் நிறைவேற்ற வைத்தார். வழக்கத்தையே தடை செய்யும் மசோதா அடுத்து வந்தது.

எதிர்ப்பு பழமைவாதிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூரு நாகரத்தினம்மா போன்ற பெரிய கலைஞர்களும் எதிர்த்தார்கள். தங்கள் கலையும் கௌரவமும் ஒரே அடியில் போய்விடும் என்ற அவர்களின் கவலையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. தன் தாய் வழி உறவினர் போன்றவர்களின் மனம் புண்படும் என்பது அம்மையாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

இந்த நேரத்தில் 1930 மே மாதம் காந்திஜி கைது செய்யப்பட்டார். அரசு நியமித்த பதவியில் தொடர்வதா, விலகுவதா? தொடர்ந்தால் மசோதாவுக்காக அவையிலேயே போராடலாம், ஆனால் மனசாட்சி உறுத்தும். விலகினால் மசோதாவை உள்ளே இருந்து காக்க ஆள் இல்லை. அவர் ராஜினாமா செய்தார்.

அதற்கு விலை இருந்தது. சென்னை மாகாணத்தில் அந்தத் தடைச் சட்டம் வந்தது 1947-ல்தான். இடையில் 17 ஆண்டுகள். தாமதத்துக்கு அவர் விலகியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அத்தனை ஆண்டுகளில் எத்தனை சிறுமிகள் என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதியவன் நான். பற்று இல்லாமல் வரவு இல்லை. பற்றை மறைத்து எழுதினால் கணக்கு டேலி ஆகாது. அம்மையாரிடம் நான் கண்டது, அவர் பற்றை மறைக்கவில்லை, தன்னால் முடிந்ததைத் தானே கட்டவும் செய்தார். அந்தக் குடும்பங்களை விட்டு வந்த சிறுமிகளை விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. இன்றும் அடையாறில் இயங்குகிறது. சட்டம் காப்பாற்றாத பிள்ளைகளில் சிலரையாவது தானே காப்பாற்றினார்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தையும் அவர் அப்படியே விடவில்லை. 1954-ல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1968-ல் காலமானார். கர்ப்பிணிகளுக்கான அரசின் நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

மைத்துனரை நாங்கள் கடைசியில் வீட்டுக்கே அழைத்து வந்தோம். அது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு, இரவில் அவர் பக்கத்தில் யார் படுப்பது என்று முறை போட்டுக்கொண்டோம். நம் சங்கக் கூட்டமானாலும் சொந்த வீடானாலும், முடிவு எடுத்த பிறகு அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று பார்த்து, அதில் ஒரு பங்கை நாமும் சுமக்கலாம். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது.

— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், சி பிளாக்