வறட்சிக்கு விதை தேடியவர்

பஞ்சம் என்றால் விலை, கூலி, விநியோகம் என்றே சிந்திக்கப் பழகிய பொருளியல் ஆசிரியன் நான். பயிருக்குள் நிகழ்வதையும் எண்ணிப்பார்க்கச் செய்தவர் ரஷியத் தாவரவியலாளர் நிகோலாய் வாவிலோவ்.

1887-இல் மாஸ்கோவில் வணிகர் குடும்பத்தில் பிறந்த அவர், 1917-இல் வோல்கா நதிக்கரையில் உள்ள சராத்தவ் நகரில் பேராசிரியரானார். மழை பொய்ப்பது அப்பகுதிக்குப் புதிதன்று. ஆனால், 1921-இல் வறட்சியோடு உள்நாட்டுப் போரின் சீரழிவும் அரசின் கட்டாயத் தானியப் பறிமுதலும் சேர்ந்துகொள்ள, ரஷியாவில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் மாண்டனர்.

ஒரே வெயிலில் ஒரு கோதுமை கருக, இன்னொன்று தாக்குப்பிடிப்பது ஏன்? மண் காயும்போது செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. அதன் தூண்டுதலால் இலைத்துளையின் இருபுறமும் உள்ள செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. பின்னாலேயே நீரும் வெளியேற, செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்கிறது. வறட்சியைத் தாங்க உதவும் மரபணுக்கள் பலவும் செயல்படத் தொடங்குகின்றன. துளை மூடினால் நீர் மிச்சமாகும். கரியமில வாயு நுழையாததால் விளைச்சல் குறையும். நாங்கள் வகுப்பில் வாய்ப்புச் செலவு என்று கற்பிப்பதைச் செடி இலைதோறும் கணக்கிடுகிறது! அந்தக் கணக்கு ரகத்துக்கு ரகம் மாறுபடும்.

இந்த ஹார்மோன் கண்டறியப்பட்டது 1960-களில்தான். வாவிலோவுக்கு அது தெரியாது. ஆயினும், தாங்கும் திறன் மரபுவழி வருவது, உழவர்களின் பழைய ரகங்களிலும் காட்டு உறவினங்களிலும் அது பொதிந்துள்ளது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பாரசீகம், ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா என அலைந்தார். 1940-க்குள் அவரது லெனின்கிராட் நிறுவனத்தில் சுமார் 2.5 லட்சம் விதை மாதிரிகள் சேர்ந்தன.

புதிய ரகம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்றார் வாவிலோவ். விதையைப் பக்குவப்படுத்தியே பயிரின் இயல்பை விரைவில் மாற்றலாம் என்றார் லைசென்கோ. கூட்டுப்பண்ணைத் திட்டத்தால் வேளாண்மையைக் குலைத்திருந்த ஸ்டாலின் அரசுக்கு இரண்டாமவரின் காலக்கெடுவே இனித்தது.

1940 ஆகஸ்டில் உக்ரைனில் செடிகள் சேகரித்துக்கொண்டிருந்த வாவிலோவ் கைதானார். மறு ஆண்டு விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் 20 ஆண்டுச் சிறையானது. லெனின்கிராட் முற்றுகையில், அரிசியும் நிலக்கடலையும் எட்டும் தூரத்தில் இருந்தும் விதைகளை உண்ணாமல் அவருடைய சகாக்கள் சிலர் பட்டினியால் இறந்தனர். 1943 ஜனவரி 26 அன்று, தாம் பேராசிரியராக இருந்த அதே சராத்தவின் சிறையில், ஊட்டமின்றி மெலிந்து வாவிலோவும் இறந்தார். 1955-இல் அவர்மீதான தீர்ப்பை அரசு ரத்து செய்தது.