விக்கிரம் சாராபாய்

வடபழனிக் கோபுரத்தின்மேல் எழும் திங்களை நாம் காண்கின்றோம். அதன் தென்முனைப் பகுதியில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள், நம் நாட்டு ஆளில்லா இறங்குகலம் ஒன்று இனிதே இறங்கிற்று. அக்கலம் தாங்கிய பெயர்க்குரிய பெரியாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம்.

விக்கிரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆமதாபாத்தில், ஆலைத்தொழிலாற் செல்வம் எய்திய குடியிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் பயின்றார், போர் மூளவே தாயகம் மீண்டு, பெங்களூரில் இராமன் அவர்களின்கீழ் அண்டக்கதிர்களை ஆராய்ந்தார். 1947இல் தம் ஊரில் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் நிறுவினார்.

பின்னர் ராக்கெட்டு ஏவுதற்கு இடம் தேடினார். புவியின் காந்த நடுக்கோட்டை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூர் ஏற்றதாயிற்று. ஆயின் அங்கு மகதலேனா மரியாள் ஆலயமும் மக்கள் மனைகளும் இருந்தன. வழிபடும் இடத்தை விடுதல் எளிதோ? ஆயர் பெரேரா சபையாரைக் கேட்ப, அவர் இசைந்தனர். ஆலயம் ஆய்வுக்கூடமாயிற்று. 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட்டு எழுந்தது.

வறிய நாட்டிற்கு விண்ணாராய்ச்சி எற்றுக்கு எனப் பலர் வினவினர். திங்களை எட்டுதலிற் செல்வநாடுகளோடு போட்டியிடுதல் தம் கருத்தன்றெனவும், மக்கள் இடர் தீர்க்க அறிவியலைப் பயன்கொள்ளுதலே வேண்டுவதெனவும் அவர் விடையிறுத்தார். 1969இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றிற்று. 1971 டிசம்பர் 30இல், ஐம்பத்திரண்டாம் அகவையில் அவர் மறைந்தார்.

அவர் பெயர்கொண்ட முதற்கலம் 2019இல் திங்களில் வீழ்ந்து சிதைந்தது. அந்நிறுவனத்தார் தளராது, கால்களை வலுப்படுத்தி, எரிபொருளை மிகுத்து, மறுகலம் சமைத்தனர். நாமக்கல் பகுதியின் மண், திங்கள் மண்ணுக்கு நிகராய்ச் சோதனைக்கு உதவிற்று.

திங்களை முதற்கண் நாடாதவர் பெயரே திங்களில் நிலைத்தது. மக்கட்பணியை முன்வைத்தோர்க்குப் புகழ் பின்வரும் என்பதை மாணவராகிய நாம் உளங்கொள்வோமாக.