போர்முனையில் ஒரு வான சாஸ்திரி

ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை நக்ஷத்திரங்களின் பாதையைக் குறித்துக் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் கட்டுரைகள் எழுதியபோது அவருக்கு வயது பதினாறு. பள்ளிச் சிறுவனின் வேலையென்று எவரும் அவற்றை ஒதுக்கவில்லை; 1890-ல் ஜெர்மனியின் பிரதான வான சாஸ்திர சஞ்சிகையிலேயே அவை வெளிவந்தன. 1873-ம் வருஷம் அக்டோபர் 9-ந் தேதி பிராங்பர்ட் நகரில் ஒரு யூத வர்த்தகரின் மூத்த புதல்வராகப் பிறந்தவர் அவர். பின்னர் காட்டிங்கன், பாட்ஸ்டாம் ஆகிய வானாராய்ச்சி நிலையங்களின் தலைமை அவரை நாடி வந்த வரலாற்றை நாம் இங்கு விரிக்கப் போவதில்லை.

1914-ல் மகாயுத்தம் மூண்டது. வயதோ நாற்பதைக் கடந்துவிட்டது. வகித்த பதவியோ பெரிது. வீட்டிலேயே இருந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர் தாமே முன்வந்து படையிற் சேர்ந்தார். வானிலை நிலையத்திலும், பீரங்கிக் குண்டுகளின் பாதையைக் கணக்கிடும் பணியிலும் இருந்தார்.

1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தமது புதிய சித்தாந்தத்தை வெளியிட்டார். பொருள் இருக்குமிடத்தில் இடமும் காலமும் சேர்ந்தே வளைகின்றன, அவ்வளைவையே நாம் ஈர்ப்பு என்கிறோம் என்பது அதன் சாரம். ஆனால் அதன் சமன்பாடுகளிலிருந்து ஐன்ஸ்டீனே தோராயமான விடையைத்தான் பெற்றிருந்தார். உருண்டையான ஒற்றை நக்ஷத்திரத்தைச் சுற்றி வளைவு எவ்வளவு என்பதற்குத் துல்லியமான விடையை ஷ்வார்ஸ்ஷில்ட் சில வாரங்களில், போர்முனையில் இருந்தபடியே கண்டுபிடித்து, டிசம்பர் 22-ந் தேதி ஐன்ஸ்டீனுக்கு எழுதியனுப்பினார். சூரியன் முழுவதையும் சுமார் 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் நெருக்கிவிட்டால் ஒளியும் அதனின்று தப்பாது என்பது அவ்விடையிலிருந்து பிற்காலத்தார் உணர்ந்த முடிவு.

தோலெங்கும் கொப்புளம் காணும் கொடிய வியாதியொன்று அவரைப் பற்றியது. 1916 மே 11-ந் தேதி, நாற்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். எந்த நாட்டுக்காக அவர் வலியச் சென்று ஊழியம் செய்தாரோ, அந்நாட்டின் நாஜி ஆட்சி யூதர்களுக்கு இழைத்த கொடுமையால், வான சாஸ்திரியான அவர் மகன் மார்ட்டின் 1936-ல் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. இதனினும் இழிந்த கைம்மாறு ஒன்றை நாம் அறியோம்.

இளமையில் அவர் ஆராய்ந்த இரட்டை நக்ஷத்திரங்களோ எளிதில் வசப்படவில்லை. நியூட்டனின் கணக்கில் இரண்டு பொருள்களின் பாதையை முற்றிலும் தீர்த்துவிடலாம். ஐன்ஸ்டீனின் கணக்கில் ஒன்றின் வளைவோடு மற்றதன் வளைவைக் கூட்டினால் விடை வராது; வளைவே மேலும் வளைவை உண்டாக்குகிறது. சுற்றச் சுற்ற அலைகள் கிளம்பிச் சக்தி செலவாக, இரண்டும் நெருங்குகின்றன. 1974-ல் ஹல்ஸும் டெய்லரும் கண்ட நக்ஷத்திர ஜோடி ஏழே முக்கால் மணிக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதன் பாதை வருஷந்தோறும் சுமார் மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. இரு கருந்துளைகள் ஒன்றாய் இணைவதைக் கம்ப்யூட்டர் கொண்டு முழுதும் கணக்கிட 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய இணைப்பில் எழுந்த அலை 2015 செப்டம்பர் 14-ந் தேதி அமெரிக்காவிலுள்ள கருவிகளில் பதிவாயிற்று. கருந்துளைகளின் பருமனைக் கூறும்போது இன்றும் வான சாஸ்திரிகள் சொல்லும் அளவு, ஷ்வார்ஸ்ஷில்ட் ஆரம்.