மயிலாடியில் முதல் விளக்கு: மகாராசன் வேதமாணிக்கம்

நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் தாண்டிக் கிழக்கே போனால், மருத்துவாழ்மலை கண்ணில் படும் தூரத்தில் மயிலாடி வந்துவிடும். கல்லில் சிலை செதுக்கும் ஊர் என்றுதான் வெளியூர்க்காரர்களுக்கு அதைத் தெரியும். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்த கிறிஸ்தவச் சபை கூடிய ஊர் அது. அந்தச் சபையை முதலில் கூட்டியவர் வெள்ளைக்காரப் பாதிரியார் அல்லர், சாம்பவர் குலத்தில் பிறந்த உழவர் ஒருவர். அவருடைய இயற்பெயர் மகாராசன். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் வேதமாணிக்கம்.

நந்தன் போன வழியில்

மகாராசன் வாழ்ந்த காலம் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கமும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. தீண்டாமையோடு காணாமையும் நடப்பில் இருந்த நாடு அது. மேல்சாதியார் வரும் வழியில் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்குச் சாதி அளவு வைத்திருந்தார்கள். அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஊழியம் என்று பெயர். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைக் குடும்பங்களும் இருந்தன. கோயிலுக்குள் மட்டுமல்ல, கோயிலைச் சுற்றிய தெருவிலும் இந்த மக்கள் நடக்க முடியாது.

மகாராசனின் குடும்பம் கொஞ்சம் நிலம் வைத்துப் பிழைத்த குடும்பம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் பக்தியுள்ள மனிதர். கடவுளைக் காண வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் இருந்தது. உள்ளூர்க் கோயில் வாசல் அடைபட்டிருந்ததால், தன் உறவுப் பையன் சிவகுருநாதனை அழைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் சிதம்பரம்.

சிதம்பரம் என்றதும் நம் மக்களுக்கு நந்தன் நினைவு வரும். நந்தன் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது என்கிறது கதை. மகாராசன் நெருப்பில் இறங்கவில்லை. அங்கே கண்ட காட்சிகள் அவருக்கு நிறைவு தரவில்லை. இரவில் ஒரு கனவு கண்டார் என்றும், இந்த இடத்தை விட்டுப் போ என்று அதில் கட்டளை வந்தது என்றும் குமரிக் கிறிஸ்தவர்கள் சொல்லி வருகிறார்கள். எப்படியோ, அவர் திரும்பி நடந்தார்.

தஞ்சையில் கேட்ட சொல்

திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அவர்களோடு ஆலயத்துக்குப் போனவர், அங்கே ஜான் காஸ்பர் கோலாஃப் என்ற போதகர் தமிழில் பேசியதைக் கேட்டார். புகழ்பெற்ற சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர் கோலாஃப். தான் தேடி வந்தது இதுதான் என்று மகாராசனின் மனம் சொன்னது. அங்கேயே தங்கிக் கற்று ஞானஸ்நானம் பெற்றார். மகாராசன் வேதமாணிக்கம் ஆனார், சிவகுருநாதன் மாசிலாமணி ஆனார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளிலும் சாதிப்படி தனித்தனியாக உட்காரும் வழக்கம் இருந்தது. வேதமாணிக்கம் முழுச் சமத்துவத்தை அங்கே கண்டுவிடவில்லை. ஆனால் அவர் உள்ளே உட்கார முடிந்தது, வேதத்தைக் கையில் வாங்க முடிந்தது, தன் மொழியில் அதைப் படிக்கக் கேட்க முடிந்தது. கோயில் தெருவிலேயே நடக்க விடாத நாட்டிலிருந்து வந்தவருக்கு அதுவே பெரிய வாசல்.

வீடே சபை

தமிழ் வேதப் புத்தகத்தோடு மயிலாடி திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. கேட்டதைச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். முதலில் சிலர், பிறகு பல குடும்பங்கள் சேர்ந்தன. ஆலயமும் போதகரும் இல்லாததால் வீட்டிலேயே கூடி வேதம் வாசித்தார்கள், ஜெபித்தார்கள். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த சபை பிறந்த விதம் இதுதான்.

எதிர்ப்பும் உடனே வந்தது. ஊழிய வேலைக்கு ஆள் குறைந்துவிடும் என்று நிலம் வைத்திருந்தவர்கள் பயந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்கள் புத்தகமும் கையுமாகக் கூடுவதை அதிகாரிகள் விரும்பவில்லை. குலதெய்வத்தை விட்டுவிட்டார்களே என்று சொந்த உறவிலும் பகை மூண்டது.

தொல்லை பொறுக்க முடியாத கட்டத்தில் வேதமாணிக்கத்துக்கு ஒரு யோசனை வந்தது. எல்லாக் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு திருவிதாங்கூரை விட்டே போய்விடலாம், கம்பெனி ஆட்சியில் இருக்கும் தமிழ்ப் பகுதியில் நிலம் தேடிக் குடியேறலாம் என்று நினைத்தார். அந்த மக்கள் தேடியது கூடிக் கும்பிட ஒரு கூரையை மட்டுமல்ல, பயமில்லாமல் குடியிருக்க ஒரு மண்ணை. இதைக் கேட்க அவர் மறுபடியும் தஞ்சைக்கு நடந்தார். ஊரை விட வேண்டாம், உங்களிடமே ஒரு போதகர் வருவார் என்று கோலாஃப் தேற்றினார்.

வந்தவர் ரிங்கல்தௌபே

அந்தப் போதகர் வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே. ஜெர்மானியரான அவர் 1770 இல் பிறந்தவர். லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1804 இல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். மயிலாடியில் ஒரு கூட்டம் போதகருக்காகக் காத்திருக்கிறது என்பதை அவர் வேதமாணிக்கம் வழியாகவே அறிந்தார். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மிஷனரி வந்து சபையை உண்டாக்கவில்லை. சபைதான் மிஷனரியை வரவழைத்தது. வரலாற்று நூல்கள் பலவும் ரிங்கல்தௌபேயை முன்னே வைத்து, வேதமாணிக்கத்தை அவருடைய உதவியாளர்போல் எழுதிவிடுகின்றன. நடந்தது தலைகீழ்.

ஆலயம் கட்ட அரசின் அனுமதி வேண்டும். பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மெக்காலே ஆதரவாக இருந்தார். திவான் வேலுத்தம்பி இசையவில்லை. மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ரிங்கல்தௌபே பாளையங்கோட்டையை இருப்பிடமாக வைத்துக்கொண்டு வந்து போனார். அந்த நாட்களிலெல்லாம் மயிலாடி மக்களைச் சேர்த்துப் பிடித்தவர் வேதமாணிக்கம்தான்.

1809 சனவரியில் வேலுத்தம்பி குண்டறையில் விடுத்த அறிக்கையோடு கம்பெனிக்கு எதிரான போர் மூண்டது. வேலுத்தம்பியை விடுதலை வீரராக நாடு போற்றுகிறது. ஆனால் அந்த அறிக்கை மக்களுக்குக் காட்டிய பயங்களில், கோயில்களில் சிலுவை ஏறும் என்பதும், சாதி வேறுபாடு பாராமல் மணம் நடக்கும் என்பதும் இருந்தன. ஒருவருக்கு விடுதலைப் போராக இருந்தது, மயிலாடிக் குடிசைகளுக்கு உயிர் அச்சமாக இருந்தது. வேதமாணிக்கமும் மற்றவர்களும் மலையில் ஒளிந்து தப்பினார்கள் என்பது இன்றும் அங்கே சொல்லப்படும் செய்தி.

போர் முடிந்தது. அனுமதி கிடைத்தது. 1809 ஆம் ஆண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது. வீடு வீடாகக் கூடிய மக்களுக்குச் சொந்தமாக ஒரு நிலையான இடம் வந்தது. அதே ஆண்டில் பள்ளிக்கூடமும் தொடங்கியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்வது மயிலாடியின் அந்தப் பள்ளியைத்தான்.

கட்டடத்துக்குப் பிறகு

கட்டடம் வந்ததும் அடுத்த கேள்வி வந்தது. வருகிறவர்கள் எதற்காக வருகிறார்கள்? கிறிஸ்தவரானால் தலைவரியும் ஊழியமும் நீங்கும் என்று நம்பி வந்தவர்கள் பலர். ரிங்கல்தௌபே இதில் கண்டிப்பானவர். காரணம் கேட்டு, காத்திருக்க வைத்து, கற்றுக்கொடுத்த பிறகே ஞானஸ்நானம் கொடுத்தார்.

விடுதலை கேட்டு வந்ததில் என்ன தவறு என்று இன்று நாம் கேட்கலாம். முதுகில் சுமை இருப்பவன் அதை இறக்கி வைக்கும் இடத்தைத் தேடுவது இயல்பு. வேதமாணிக்கத்துக்கு இந்த இரண்டும் வேறு வேறாக இருந்திருக்காது. கடவுளைத் தேடித்தான் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார், தேடிய வழியில் மனிதனாக நடத்தப்படுவதையும் கண்டார். ஆனால் சலுகைக்காக மட்டும் வந்தவர்கள் தொல்லை வந்ததும் திரும்பிப் போனார்கள். சலுகை எதுவுமே இல்லாத ஆண்டுகளில் கூடியவர்களே நிலைத்து நின்றார்கள்.

மயிலாடியைச் சுற்றிப் பிச்சைக்குடியிருப்பு, தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி போன்ற ஊர்களிலும் சபைகள் எழுந்தன. அவற்றில் நாடார் மக்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். சாம்பவர் ஒருவர் ஏற்றிய விளக்கு மற்ற சாதித் தெருக்களுக்கும் போனது.

ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு 1816 இல் நாட்டை விட்டுப் போனார். சம்பளத்தைப் பெரும்பாலும் ஏழைகளுக்கே கொடுத்துவிட்டவர், போகும்போது நல்ல உடைகூட இல்லாமல்தான் போனார். போகும்முன் சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். 1818 இல் சார்லஸ் மீட் வந்து சேரும்வரை வேறு மிஷனரி யாரும் இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளும் சபைகள் சிதறாமல் காத்தவர் வேதமாணிக்கம். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய இன்னும் ஏறக்குறைய 40 ஆண்டுகள் இருந்த நேரத்தில், ஒரு சாம்பவர் பல ஊர்ச் சபைகளுக்குத் தலைமை தாங்கினார் என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மீட் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். மயிலாடியின் முக்கியத்துவம் மெல்லக் குறைந்தது. வேதமாணிக்கம் 1827 இல் காலமானார். அடிமைமுறை ஒழிப்பு 1855 இல் வந்தது. கோயில் நுழைவு அறிவிப்பு 1936 இல்தான் வந்தது. அவருக்கு மூடியிருந்த தெரு திறக்க, அவர் இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. கிறிஸ்தவரோ இல்லையோ, அந்தப் பக்கம் போகிற மாணவர்கள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய இடம் அது. அங்கே கூடும் இடமும் படிக்கும் பள்ளியும் யாரோ இரக்கப்பட்டுத் தந்தவை அல்ல. கால்நடையாகத் தஞ்சைக்கும் மயிலாடிக்கும் நடந்து நடந்து ஒருவர் கேட்டு வாங்கியவை.