மாணவர் பக்கம் நின்ற ஆசான்: ரிம்ஸ்கி-கோர்சகோவ்

பியானோ பயின்ற எம்மிற் பலர் வண்டின் பறப்பைச் சித்திரிக்கும் அந்தச் சின்னஞ்சிறு உருப்படியை வாசிக்க முயன்று விரல் நொந்திருப்போம். அதனை ஆக்கியவர் நிக்கொலாய் ரிம்ஸ்கி-கோர்சகோவ். அவர் ஒரு நல்லாசிரியர் என்பதனாலேயே இம்மலரில் அவரை நினைவுகூருகிறோம்.

1844ஆம் ஆண்டு ரஷ்யாவின் திக்வின் நகரிற் பிறந்த அவர், பன்னிரண்டு வயதிற் கடற்படைக் கல்லூரியிற் சேர்ந்தார். இளம் அதிகாரியாகக் கப்பலில் ஏறி நியூயோர்க், ரியோ டி ஜெனிரோ வரை சென்று வந்தார். 1871இல் சென். பீற்றர்ஸ்பேர்க் இசைக் கல்லூரி அவரைப் பேராசிரியராக அழைத்தது. அப்போது இசையிலக்கணம் அவருக்குச் சரிவரத் தெரியாது. ஆயினும் பின்வாங்கவில்லை. பாடநூல்களை வைத்துக்கொண்டு தாமே பயின்று, மாணவருக்கு ஓர் அடி முன்னே நடந்தார். கிளசுனோவ், ஸ்ட்ராவின்ஸ்கி, புரொக்கோபியேவ் முதலானோர் அவரிடம் பயின்றவர்களே. மறைந்த நண்பர்கள் முசோர்க்ஸ்கி, பொரொடின் ஆகியோரின் முற்றுப்பெறாத ஆக்கங்களைச் செம்மைசெய்து உலகுக்குத் தந்தவர்களுள்ளும் அவர் முதன்மையானவர்.

1905இல் அவருக்குச் சோதனை வந்தது. அரசின் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டதைக் கண்டித்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். அறுபது வயதைக் கடந்த பேராசிரியர் அவர்கள் பக்கம் நின்று பகிரங்கமாக எழுதினார். பதவி பறிபோனது. மாணவர்கள் அவரது மாயக்கதை இசைநாடகமொன்றை மேடையேற்றியபோது அரங்கு எதிர்ப்புக் கூட்டமாக மாறியது. சில காலம் அவரது இசைக்கே தடை விதிக்கப்பட்டது. கிளசுனோவ் உட்பட ஆசிரியர் சிலர் தாமும் விலகினர். ஆண்டிறுதியில் கிளசுனோவ் அதிபரானதும் குருவை மீண்டும் அழைத்துக்கொண்டார்.

அதன்பின் அவர் எழுதிய இறுதி இசைநாடகமே 'பொற்சேவல்'. புஷ்கினின் கதையைத் தழுவியது. சோம்பேறி அரசன் டொடோனுக்குச் சோதிடர் ஒருவர், ஆபத்து வந்தாற் கூவும் பொற்சேவலைக் கொடுக்கிறார். கைம்மாறாக எதைக் கேட்டாலும் தருவதாக அரசன் வாக்களிக்கிறான். புதல்வர் இருவரையும் போரில் இழந்தவன், ஷெமாக்கா அரசியின் அழகில் மயங்கி அவளை அழைத்துவருகிறான். சோதிடர் அவளையே கேட்க, அவரைச் செங்கோலால் அடித்துக் கொல்கிறான். சேவல் பறந்துவந்து அரசனின் தலையைக் கொத்த, அவனும் மாள்கிறான். அரசனின்றி எப்படி வாழ்வதென்று குடிகள் புலம்புகின்றனர்.

ஜப்பானியரிடம் தோற்றிருந்த ரஷ்யாவில் இக்கதை யாரைக் குத்துகிறது என்பது தணிக்கையாளருக்கு விளங்கியது. வரிகளை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார். அரங்கேற்றத்தைக் காணாமலே 1908 யூனில் கண்மூடினார். அடுத்த ஆண்டு மொஸ்கோவில் அது மேடையேறியது.

2002இல் பாரிஸ் ஷத்லே அரங்கிற் படமாக்கப்பட்ட மேடையேற்றம் இன்று இறுவட்டில் உண்டு. அதனை நெறிப்படுத்தியவர் ஜப்பானின் கபுகிக் கலைஞர் இச்சிகாவா என்னோசுகே என்பது காலத்தின் விளையாட்டு! பெருத்த ஆடைகளும் தீட்டிய முகங்களும் நிதானமான அசைவுகளும் எமது நாட்டுக்கூத்துக் கண்களுக்கு அந்நியமாகத் தோன்றா. எங்கிருந்தாலும், வாய்க்குமானால், தோழியரே, பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் பாருங்கள். சிறுவர் சேவலுக்குச் சிரிப்பர். நாமோ, மாணவருக்காகப் பதவியை இழந்த ஓர் ஆசானை நினைத்துக்கொள்வோம்.