ஓட்டை போட்ட அட்டையில் ஆரம்பித்த ஐடி: ஹெர்மன் ஹோலரித்தின் கதை



போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு நாங்க நாலு பேரு மார்த்தாண்டத்துல ஒரு ரப்பர் ஷீட் கடைக்கு பில்லிங் ஆப் செஞ்சு கொடுத்தோம். லாகின், டேஷ்போர்டு, கலர் கலரா சார்ட் எல்லாம் இருந்துச்சு. ரிவ்யூவுல நல்ல மார்க். ஆனா கடைக்கார அண்ணாச்சி ரெண்டே நாள்ல பழைய நோட்டுக்குத் திரும்பிட்டாரு. போய்க் கேட்டோம். ரப்பர் விலை தினமும் மாறும். எங்க ஆப்புல விலையை மாத்த ஆறு கிளிக் பண்ணணும். ஷீட் கொண்டு வர்றவங்க முன்னாடியே வாங்கின அட்வான்ஸைக் கழிக்க வழியே வைக்கல. காலையில கடை வாசல்ல ஆள் நிக்கும்போது அவர் அந்த ஆப்பை வச்சு என்ன செய்வார், சொல்லுங்க?

இந்த மாதிரி தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்ளவே ஐடி கம்பெனிகளில் ஒருவர் இருக்கிறார். அவர்தான் சொல்யூஷன் ஆர்க்கிடெக்ட். வாடிக்கையாளரின் தொழில் எப்படி நடக்கிறது, டேட்டா எங்கே பிறக்கிறது, யார் கையில் போகிறது, கடைசியில் யாருக்கு என்ன பதில் வேண்டும் என்று முழுசாகப் பார்த்து, அதற்கேற்ப சிஸ்டத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது அவர் வேலை. எந்த மொழி, எந்த டேட்டாபேஸ் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும்.

இந்தப் பதவிக்குப் பெயர் வைப்பதற்கு முன்னாடியே, கம்ப்யூட்டரே வராத காலத்தில், இந்த வேலையைச் செய்த ஒரு இன்ஜினியரைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களிடம் பேசப் போகிறேன். அவர் ஜெயித்த கதையும் இருக்கிறது, கோட்டை விட்ட கதையும் இருக்கிறது. ரெண்டுமே நமக்கு வேணும்.

பத்தொன்பது வயசு இன்ஜினியர்

ஹெர்மன் ஹோலரித் பிறந்தது 1860 பிப்ரவரி 29. ஆமா, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்தநாள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில், ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். பள்ளியில் ஸ்பெல்லிங் அவருக்கு வரவே வராது. அதனாலேயே பள்ளியை விட்டுவிட்டுத் தனி ஆசிரியரிடம் படித்தார். அப்படிப்பட்டவர் 1879-ல், நம்மில் பலர் செகண்ட் இயர் படிக்கும் வயசில், கொலம்பியாவில் சுரங்க இன்ஜினியரிங் பட்டம் வாங்கிவிட்டார்.

அவருடைய பேராசிரியர் ட்ரோபிரிட்ஜ் அவரை 1880 அமெரிக்க சென்சஸ் வேலைக்கு அழைத்துப் போனார். அங்கேதான் ஹோலரித் உண்மையான பிரச்சினையை நேரில் பார்த்தார். சுமார் 5 கோடி மக்களின் விவரங்கள் காகிதத்தில் வந்து குவிந்தன. வரிசை வரிசையாக குமாஸ்தாக்கள் உட்கார்ந்து கையால் கோடு போட்டு எண்ணினார்கள். வயது வாரியாக ஒரு முறை, தொழில் வாரியாக ஒரு முறை, பிறந்த இடம் வாரியாக இன்னொரு முறை. முழு முடிவும் வெளிவர ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. மக்கள்தொகையோ வேகமாகக் கூடிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் ஒரு சென்சஸை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

அங்கே பிறப்பு இறப்புப் புள்ளிவிவரப் பிரிவைக் கவனித்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ். இதை எண்ண ஒரு இயந்திரம் இருந்தால் நன்றாக இருக்குமே என்ற யோசனையை ஹோலரித் மனதில் போட்டவர் அவர்தான். பிரச்சினையை அதில் தினமும் உழல்பவரிடம் இருந்து கேட்டு வாங்கினார் ஹோலரித் என்பதைக் கவனியுங்க.

டேப்பில் இருந்து அட்டைக்கு

1882-ல் எம்ஐடியில் கொஞ்ச நாள் பாடம் எடுத்தார். பிறகு காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1884-ல் தன் முதல் விண்ணப்பத்தைப் போட்டார். முதல் டிசைனில் நீளமான காகித டேப். ஒவ்வொரு ஆளின் விவரமும் டேப்பில் வரிசையாகத் துளைகளாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் சிக்கல் தெரியும்: நடுவில் இருக்கும் ஒரு ஆளின் விவரம் வேணும்னா டேப் முழுவதையும் ஓட்டணும். தனியாகப் பிரித்தெடுக்கவும் முடியாது. நீங்க டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் படித்த அதே சிக்கல்தான்.

தீர்வு கிடைத்தது ரயிலில். நம்ம குழித்துறை ஸ்டேஷனில் முன்னாடி கெட்டி அட்டையில் டிக்கெட் கொடுத்ததையும், டிடிஇ அதில் ஓட்டை போட்டதையும் உங்க அப்பாவிடம் கேட்டால் சொல்வார். அன்றைய அமெரிக்க ரயில்களில் கண்டக்டர்கள் பயணியின் முடி நிறம், கண் நிறம், மூக்கு எப்படி என்பதையெல்லாம் டிக்கெட்டின் ஓரத்தில் துளை போட்டுக் குறிப்பார்களாம். அந்த டிக்கெட்டை வேறு ஆள் பயன்படுத்த முடியாது. இதைப் பார்த்த ஹோலரித்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு அட்டை என்ற யோசனை வந்தது. இன்று நாம் ஒரு ரெக்கார்டு என்கிறோமே, அதுதான். இனி வேண்டிய அட்டைகளை மட்டும் பிரிக்கலாம், மறுபடி அடுக்கலாம், மறுபடி எண்ணலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பால்டிமோர் நகரத்தின் இறப்புப் புள்ளிவிவரத்தை வைத்துச் சோதனை செய்தபோது, கண்டக்டர்கள் வைத்திருக்கும் அதே கைப் பஞ்சால் அவரே உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் துளை போட்டார். கை வீங்கி வலி எடுத்தது. தன் சிஸ்டத்தில் கஷ்டமான இடம் எண்ணுவது இல்லை, டேட்டாவை உள்ளே ஏற்றுவது என்று அப்போது புரிந்தது. உடனே ஒரு புதுத் துளைக் கருவி செய்தார். முன்னால் எழுத்துகள் பொறித்த தகடு. அதில் ஒரு இடத்தில் கைப்பிடியை அழுத்தினால் அட்டையில் சரியான இடத்தில் துளை விழும். கையும் வலிக்காது, தவறும் குறையும்.

எண்ணும் இயந்திரம் இப்படி: அட்டையை வைத்து மேல் பகுதியை இறக்கினால் ஸ்பிரிங் வைத்த ஊசிகள் கீழே வரும். துளை இருக்கும் இடத்தில் ஊசி கீழே போய் பாதரசக் கிண்ணத்தைத் தொடும். சர்க்யூட் முடியும், அதற்குரிய டயலில் முள் ஒரு படி நகரும். கூடவே பக்கத்தில் இருக்கும் பெட்டியில் ஒரு அறையின் மூடி திறக்கும். அட்டையை அதில் போட்டால் அடுத்த சுற்றுக்கு அடுக்கு தயார். ரிலேக்களை இணைத்து, இந்த நாட்டில் பிறந்தவர், ஆண், இன்ன வயது என்று பல நிபந்தனைகளைச் சேர்த்தும் எண்ணலாம்.

1889 போட்டி

1890 சென்சஸுக்கு எந்த முறை என்று முடிவு செய்ய ஒரு போட்டி நடத்தினார்கள். செயிண்ட் லூயிஸ் நகரத்தின் பழைய சென்சஸ் விவரத்தில் ஒரு பகுதி, சுமார் பத்தாயிரம் பேர். மூன்று முறைகள் மோதின.

ஹோலரித்: பதிய 72 மணி 27 நிமிடம், எண்ண 5 மணி 28 நிமிடம்.
பிட்ஜின், வண்ண அட்டைகள்: பதிய 110 மணி 56 நிமிடம், எண்ண 44 மணி 41 நிமிடம்.
ஹன்ட், வண்ண மைச் சீட்டுகள்: பதிய 144 மணி 25 நிமிடம், எண்ணப் 55 மணி 22 நிமிடம்.

எண்ணுவதில் ஹோலரித் எட்டுப் பத்து மடங்கு வேகம். ஆனால் அவருடைய மொத்த நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் பதிவதிலேயே போயிருக்கிறது, பார்த்தீங்களா? அந்தத் துளைக் கருவி இல்லாமல், இயந்திரம் எவ்வளவு வேகமாக எண்ணியும் பெரிய பிரயோஜனம் இருந்திருக்காது. பால்டிமோரில் பட்ட கைவலி வீண் போகவில்லை.

ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. 1890-ல் சுமார் 6 கோடியே 26 லட்சம் மக்களின் எண்ணிக்கை சில மாதங்களிலேயே வெளிவந்தது. அதே ஆண்டு இந்தச் சிஸ்டத்துக்காகவே கொலம்பியா அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. இயந்திரங்களை அவர் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். ரிப்பேர், மாற்றம் எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைய கிளவுட் சந்தாவின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்க. ஆஸ்திரியாவும் கனடாவும் வாங்கிப் பயன்படுத்தின. 1897-ல் ரஷ்யாவின் சென்சஸும் இதில்தான் எண்ணப்பட்டது.

தோற்ற பிறகு திருத்திய டிசைன்

சென்சஸ் பத்து வருஷத்துக்கு ஒரு முறைதான். முடிந்ததும் இயந்திரங்கள் திரும்பி வந்தன, வருமானம் நின்றது. தினமும் கணக்குப் பார்க்கும் வாடிக்கையாளர் வேண்டும். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயைப் பிடித்தார். அங்கே வருஷத்துக்கு லட்சக்கணக்கில் சரக்குச் சீட்டுகள் வரும்.

முதல் சோதனையில் தோல்வி. ரயில்வே இயந்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. காரணம் எளிது. சென்சஸுக்குத் தலையை எண்ணினால் போதும். ரயில்வேக்கு எடையையும் பணத்தையும் கூட்ட வேண்டும். வேற பிசினஸ், வேற தேவை. ஹோலரித் திரும்பப் போய் அட்டையின் அமைப்பையே மாற்றினார். எண்களுக்குச் செங்குத்தான பத்திகள் வைத்தார். கூட்டும் இயந்திரத்தைத் திருத்தினார். 1896-ல் ரயில்வே அவரை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனியைத் தொடங்கினார்.

1906 வாக்கில் இன்னொரு நல்ல காரியம் செய்தார். அதுவரை புது வேலை வந்தால் இயந்திரத்தின் உள் வயரிங்கையே மாற்றணும். இப்போது வெளியே ஒரு பிளக் போர்டு. வயர்களை மாற்றிச் செருகினால் அதே இயந்திரம் வேறு வேலை செய்யும். கான்ஃபிகரேஷனை இன்ஜினில் இருந்து பிரித்து வைப்பது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அது இதுதான்.

கோட்டை விட்ட இடம்

இனி வருத்தமான பகுதி. ரயில்வேக்காக இவ்வளவு இறங்கி வந்தவர், தன் பழைய வாடிக்கையாளரிடம் பிடிவாதமாக நின்றார். சென்சஸ் அலுவலகத்தின் புது இயக்குநர் நார்த், வாடகை அதிகம் என்றார். ஹோலரித் இறங்கவில்லை. தன்னை விட்டால் வேறு ஆள் இல்லை என்ற நம்பிக்கை. 1905-ல் அவருடைய இயந்திரங்கள் சென்சஸ் அலுவலகத்தை விட்டு வெளியேறின. அலுவலகம் சொந்தமாகவே இயந்திரம் செய்ய இறங்கியது. 1907-ல் ஜேம்ஸ் பவர்ஸ் என்பவரை வேலைக்கு எடுத்தது. ஹோலரித்தின் அடிப்படைக் காப்புரிமைகள் 1906-ல் காலாவதியாகிவிட்டன. வழக்குப் போட்டும் பலன் இல்லை. 1910 சென்சஸ் அவர் இல்லாமலே நடந்தது. பவர்ஸ் பிறகு தனிக் கம்பெனி தொடங்கி அவருக்கே போட்டியாக வந்தார்.

1911-ல் ஹோலரித்தின் கம்பெனி வேறு கம்பெனிகளோடு இணைக்கப்பட்டது. 1914-ல் தாமஸ் வாட்சன் பொறுப்புக்கு வந்தார். 1924-ல் அதற்கு ஐபிஎம் என்று பெயர் மாறியது. ஹோலரித் 1921-ல் ஓய்வு பெற்று, 1929 நவம்பர் 17 அன்று வாஷிங்டனில் காலமானார். அவருடைய அட்டையின் வாரிசான ஐபிஎம்மின் 80 பத்தி அட்டை 1928-ல் வந்தது. உங்க டெர்மினல் விண்டோ இன்றும் 80 எழுத்து அகலத்தில் திறக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

நமக்கு என்ன?

இந்தியாவின் அடுத்த சென்சஸ் மொபைல் ஆப்பில் நடக்கப் போகிறது. அட்டை போய்விட்டது, கேள்வி அதேதான்: பதிபவர் கை வலிக்காமல், கேட்பவருக்கு வேண்டிய பதில் சரியான நேரத்தில் வருமா?

ப்ராஜெக்ட் தொடங்கும்போது லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்க. ஒண்ணு, வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாள் உட்காருங்க. ரெண்டு, டேட்டா பதியும் வேலையை நீங்களே நூறு தடவை செய்து பாருங்க. மூணு, செஞ்சு கொடுத்த பிறகும் அவங்க குறை சொன்னால் காது கொடுங்க. முதல் இரண்டையும் ஹோலரித் அருமையாகச் செய்தார். மூன்றாவதை ரயில்வேயிடம் செய்தார், சென்சஸ் அலுவலகத்திடம் மறந்தார்.

நாங்களும் போன வாரம் காலை ஏழரைக்கே ரப்பர் கடைக்குப் போய் உட்கார்ந்தோம். அண்ணாச்சி கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தாரு. இப்போ ஆப்பைத் திறந்ததும் முதல் திரையில் இன்றைய விலை, எடை, அட்வான்ஸ் பாக்கி மூணு மட்டும்தான். சார்ட் எல்லாம் எடுத்துட்டோம். இன்னும் நோட்டை அவர் மூடி வைக்கல. ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுதுறாரு. அடுத்த இதழ்ல என்ன ஆச்சுன்னு சொல்றேன், மக்களே!