ஹோமி பாபா குறித்த கெடு
1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஹோமி பாபா, அணுக்கரு இணைவை இருபது ஆண்டுகளில் மனிதன் அடக்கியாள்வான் என்று கணித்தார். யுரேனியம் போன்ற கனத்த அணுக்கரு பிளவுபடுகையில் ஆற்றல் பிறக்கிறது. அது அன்றே கைவசப்பட்டிருந்தது. ஹைட்ரஜன் போன்ற இலேசான கருக்களை இணைக்கவோ பூமியில் பத்துக் கோடி டிகிரி வெப்பம் வேண்டும். அதைத் தாங்கும் கலம் ஏது?

கனவு இணைவில் இருந்தாலும் பாபா கட்டியது பிளவைத்தான். 1956-இல் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கியது. கடற்கரை மணலின் தோரியத்தை நம்பி மூன்று கட்டத் திட்டமும் வகுத்தார். கையிருப்பை அறிந்து செலவிடும் இந்த நிதானத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். கணிப்பு பொய்ப்பது எம்போன்ற பொருளியலாருக்குப் பழகியதுதான்.

1966 ஜனவரியில் மோன் பிளாங்க் மலையில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 56. தாராப்பூர் மின்நிலையம் 1969-இல் இயங்கியதை அவர் காணவில்லை. அவர் குறித்த கெடு 1975-இல் முடிந்தது. இணைவு உலை எதிலிருந்தும் மின்கம்பிக்கு இன்னும் ஒரு யூனிட் வரவில்லை.